"மகன நிறுத்திட்டுத்தான் போனோம்"

சாயல்குடியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும்போது, சீமைக்கருவேலக் காட்டுக்குள்ளிருந்து புகை எழுவதைப் பார்க்கலாம். கரிமூட்டம். விறகை வெட்டி அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண் பூசி, தீ வைத்துவிட்டு நாள்கணக்கில் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். மண்பூச்சில் ஒரு வெடிப்பு விட்டால் போதும், காற்றுப் புகுந்து உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். அந்த நட்டம் முதலாளி கணக்கில் ஏறாது.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மூட்டத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த எங்கள் சனத்துக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போனேன். நாற்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கி வந்தவர்கள். "உங்கள அடைச்சு வச்சிருக்காங்களாக்கா?" என்று கேட்டேன். எம்.ஏ. சமூகவியல் படித்தவள் கேட்கிற கேள்வி! "அதெல்லாம் இல்ல தாயி, மொதலாளி நல்லவுக" என்றார் அந்த அக்கா. நானும் நோட்டை மூடிவிட்டேன். கிளம்பும் நேரத்தில், அவருடைய அம்மா இறந்தது பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் போனீர்களா என்றேன்.

"எல்லாரும் எப்படிப் போறது? மகன நிறுத்திட்டுத்தான் போனோம்."

பாட்டியின் சாவுக்குப் பேரன் போகவில்லை. அவன்தான் அடகு.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையோ பூட்டையோ தேடுவதில்லை. முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தாலும் அது கொத்தடிமை முறைதான். ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். அந்த வரையறையில் இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் சுமத்தப்படும் கட்டாய உழைப்பையும் அது சேர்த்தே சொல்கிறது.

அதனால் களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளே, "அடிமையா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். யார்தான் ஆமாம் என்பார்கள்? பக்கத்து மூட்டத்தில் கூலி கூட என்றால் நாளைக்கே போக முடியுமா? சாவு, சடங்குக்குக் குடும்பத்தோடு போகலாமா? கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? கரி சாம்பலானால் யாருக்கு நட்டம்? இப்படிக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதே குற்றமா என்று முதலாளிகள் கேட்பார்கள். இல்லை. கொடுத்த பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதுதான் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி (பிரிவு 15). நோட்டு அவரிடம்தானே இருக்கிறது! தொழிலாளி பட்டியல் சாதியினராகவும் முதலாளி வேறு சாதியினராகவும் இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது. பசியால் வருவதும் கட்டாயம்தான் என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

எனக்கு நெஞ்சில் தைப்பது பிரிவு 6. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை, சட்டப்படி அது ஒழிந்துபோனது. தொண்ணூறுகளில் இதே வேலைக்கு வாங்கிய அட்வான்ஸை என் அப்பா ஆடுகளையும் அம்மாவின் தோட்டையும் விற்றுக் கட்டினார். மதுரையில் படிக்கும்போது இந்தப் பிரிவைப் பார்த்துவிட்டுப் போனில் அவரோடு சண்டையே போட்டேன். "வாங்கினதக் குடுக்காம ஓடிட்டாய்ங்கன்னு நம்ம ஆளுகளச் சொல்லணுமா? மழை பேயலேன்னா மறுபடியும் அந்த வாசல்லதாம்மா போயி நிக்கணும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டம் இன்று இருக்கிறது. அந்தப் பணம் தாமதமானால் அதே வாசல்தான்.

மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்றும் சட்டத்தில் உண்டு. அதில் அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூன்று பேரை ஆட்சியர் நியமிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய்தான் செலவு.

அக்கா குடும்பத்துக்காக மனுக் கொடுத்தோம். முதல் விசாரணையில் முதலாளி பக்கத்திலேயே நின்றார். "விருப்பப்பட்டுத்தான் இருக்கோம்" என்றார் அக்கா. தனியே வைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இரண்டாம் முறை எழுதினேன். மூட்டத்திலிருந்து தள்ளி, முதலாளி இல்லாமல் விசாரித்தார்கள். மகனையும் சேர்த்து நாலு பேருக்கும் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது.

அக்கா அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த நோட்டுல எங்க பேரு இருக்குமே தாயி, அத அடிச்சிட்டாகளா?"