தெருவை வரையக் கடல் கடந்தவர்

கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்தாருக்குப் புதியதன்று. பர்மாவுக்கும் பினாங்குக்கும் சென்ற முன்னோரும், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இன்றைய இளைஞரும் பொருள் தேடியே புறப்பட்டனர். ஓவியம் கற்பதற்கென ஒருவர் கப்பலேறினால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களே அறிவர்.

சையத் ஹைதர் ரஸா அவ்வாறு புறப்பட்டவர். 1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில், வனத்துறை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1943இல் பம்பாய்க்கு வந்து, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்திலெல்லாம் நகரத்தின் வீதிகளையும் சந்திகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். நீர்வண்ணம் யாருக்காகவும் காத்திராது. தாளின் ஈரம் உலருமுன் கை முடிவு செய்தாக வேண்டும். மழையில் நனைந்த தெருவுக்கு அதனினும் பொருத்தமான வண்ணம் ஏது?

1948இல் காஷ்மீரில் அவருடைய படங்களைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன், திறமை உண்டு, கட்டுமானம் இல்லை என்றார். செசானின் ஓவியங்களைப் பயிலுமாறும் கூறினார். வீட்டுக்குக் கடைக்கால் போலப் படத்துக்கும் ஒன்று வேண்டும் என்பது அதன் கருத்து. ரஸா மனம் நோகவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, அந்நாட்டு அரசின் உதவித்தொகை பெற்று, 1950இல் பாரிஸ் சேர்ந்தார்.

அங்கே அவர் தீட்டிய ஊர்களில் வீடுகள் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்டு நிற்கின்றன. சில படங்களில் கதிரவன் கருநிறம். வீதியில் ஆள் அரவமே இல்லை! மார்க்கச் சட்டம் கருதி மனிதரை விலக்கினார் என்று நாம் சொல்ல மாட்டோம், அதற்கு ஆதாரமில்லை. அறிமுகம் அற்ற ஊரில் நிற்பவனுக்கு முதலில் தெரிவது சுவரும் கூரையுமே என்பது எம் எண்ணம். வளைகுடாவில் காலம் கழித்தவர்கள் இதனை ஒப்புவர்.

ஆண்டிபட்டியில் எம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் நெசவாளர் தெருவை வரைந்து திரிகிறான். அவன் அத்தா எம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இது கூடுமா?" என்றார். வீடும் மரமும் மலையும் வரைவதற்குத் தடையில்லை என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து, அதைச் சொன்னோம். அடுத்த கேள்விதான் கடினமானது: "இதில் சோறு கிடைக்குமா, ஹஜ்ரத்?"

ரஸாவின் 'சௌராஷ்டிரா' ஓவியம் 2010இல் பதினாறு கோடி ரூபாய்க்கு மேல் விலைபோன செய்தியை நாம் அவரிடம் கூறவில்லை. அது பையனையும் தந்தையையும் ஒருங்கே கெடுக்கும். பம்பாய் வந்த பதின்மூன்றாம் ஆண்டில், 1956இல்தான், பாரிஸ் விமர்சகர்களின் பரிசு அவருக்குக் கிட்டியது என்றோம். "பதின்மூன்று வருஷமா?" என்று தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தாள் என்ன விலை என்று கேட்டார்.

ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். சிறுவன் ரஸாவின் மனம் ஓரிடத்தில் நில்லாததால், பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே பார்க்கச் சொன்னாராம். நடுவயதில் அந்தப் புள்ளிதான் அவர் ஓவியங்களின் மையமாயிற்று. அரபு எழுத்தின் அளவையும் புள்ளிகளால் கணக்கிடும் மரபு உண்டல்லவா?

உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றபோதும் ரஸா செல்லவில்லை; அறுபதாண்டு பிரான்சில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. 2010இல் தாயகம் திரும்பி, 2016 ஜூலை 23 அன்று டெல்லியில் காலமானார். அவர் விரும்பியவாறே மண்டலாவில், தந்தையின் கபுருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.