உம்மாவின் முழங்காலும் நமது அவசரத் தீர்ப்பும்



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் நமது லாத்தா சிங்கப்பூரிலிருந்து தரங்கம்பாடிக்கு விடுமுறையில் வந்திருந்தார். ஒரு நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பிய நாம், வீட்டு முற்றத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டோம். லாத்தா தம் கைகளைத் தண்ணீருக்குள் அசைப்பவர் போல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயதான உம்மா ஒரு கையால் தூணைப் பற்றிக்கொண்டு அவரைப் பார்த்துப் பார்த்து அசைந்துகொண்டிருந்தார்.

"இது என்ன லாத்தா?" என்றோம்.

"தாய்ச்சி, தம்பி. சீனர்களுடைய பயிற்சி. எங்க சமூக மன்றத்துல கத்துக்கிட்டேன். முட்டி வலிக்கு நல்லது."

'சீனர்களுடைய' என்ற சொல்லே நமக்குப் போதுமானதாக இருந்தது. அது அவர்களது தாவோ சமயத்தோடு ஒட்டியது, நம் வீட்டில் கூடாது, ஹராமாகவும் ஆகலாம் என்று நின்ற இடத்திலேயே கூறிவிட்டோம். எவரையும் கேட்கவில்லை, ஒரு கிதாபையும் புரட்டவில்லை. உம்மா ஒன்றும் பேசாமல் தூணை விட்டுவிட்டு உள்ளே சென்றார். ஓதிக் கொடுக்கும் மகன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரிடம் பேச்சில்லை. லாத்தா பத்து நாள்களில் பயணமானார்.

ஐப்பசி அடைமழையில் உம்மாவின் முழங்கால்கள் மிகவும் மோசமாயின. வாழ்நாளெல்லாம் தாழ்ந்த பலகையில் அமர்ந்து அரிந்தும் அரைத்தும் ஆக்கியும் தேய்ந்த கால்கள் அவை. முதலில் ஸுஜூதுக்கு மட்டும் நாற்காலியை நாடியவர், பிறகு ருகூவுக்கும், பிறகு தொழுகை முழுவதற்கும் அதிலேயே அமர்ந்துவிட்டார். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு அவர் அழுதுகொண்டிருப்பதைக் கண்டோம். வலியா என்று கேட்டோம். "வலி இருந்துட்டுப் போவுது வாப்பா. நெத்தி தரையில படமாட்டேங்குதே" என்றார்.

இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள் நாம். அன்றிரவு உம்மாவிடம் அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

மறுவாரம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மூட்டுத் தேய்வு என்றார். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விரியும்போது, பஞ்சு நீரை உறிஞ்சுவது போல, சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் அது தன் உணவைப் பெறுகிறது என்று விளக்கினார். வலிக்கிறதென்று அசையாதிருந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் சுமை முழுவதும் மூட்டின்மேல் விழும். வலி மேலும் கூடும். பேச்சுவாக்கில் தாய்ச்சியைக் குறித்தும் கேட்டோம். "நல்லதுதானே, ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார். நிறுத்தியது யார் என்று நாம் கூறவில்லை. உம்மாவும் கூறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நமக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதைத் தேடிச் சென்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் நாவுகள் புனைந்தவாறு இது ஹலால், இது ஹராம் என்று சொல்வோரைக் குர்ஆன் எச்சரிக்கும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் வசனத்தை ஓதிக் காட்டி, "இதை உனக்கு நான்தானே ஓதிக் கொடுத்தேன்?" என்றார். வேறு கண்டிப்பு எதுவுமில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. தடுக்க ஆதாரம் வராத வரை உலகக் காரியங்கள் ஆகுமானவையே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. வணக்கத்தின் சாயலுள்ள சைகையையும் மார்க்கத்துக்கு மாறான நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள், கையையும் காலையும் அசைப்பதில் என்ன வந்தது என்றார்.

அதன் பின்னரே, முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம், படித்தோம். தாய்ச்சி 17ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் சிற்றூரில் உருப்பெற்றதாகக் கூறப்படும் தற்காப்புக் கலை. தாவோ தத்துவச் சொற்கள் அதில் கலந்திருப்பது உண்மையே. அவ்வளவில் நமது ஐயம் ஆதாரமற்றதன்று. எனினும் மூட்டு நோயாளிகளுக்கென்று அதைச் சுருக்கி அமைத்தவர் ஒரு மருத்துவர். சிட்னியைச் சேர்ந்த பால் லாம், தாமும் மூட்டு நோயால் துன்புற்றவர். 1997இல் மருத்துவர் சிலரோடு சேர்ந்து, சுன் லூதாங் (1860–1933) உருவாக்கிய முறையிலிருந்து அவர் அதை வகுத்தார். அம்முறையில் முழங்காலை ஆழமாக மடக்குவதில்லை, நிமிர்ந்தே நிற்கலாம்.

பாஸ்டன் நகரில் முழங்கால் தேய்வுள்ள 204 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, 12 வாரம் தாய்ச்சி பயின்றனர். மறு பிரிவினர் வழக்கமான இயன்முறை சிகிச்சை பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வலி குறைந்தது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வுக்கு இதனை வலுவாகப் பரிந்துரைக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளருமென்று இவற்றில் எதுவும் கூறவில்லை. முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்ற நபிமொழியை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை.

தேடும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. வாங் சிபிங் (1881–1973) என்பார் ஹெபெய் மாகாணத்துச் சாங்சோவில் பிறந்த ஹுய் இன முஸ்லிம். புகழ்பெற்ற தற்காப்புக் கலைஞர். எலும்பு முறிவு வைத்தியரும்கூட. நோய் தீர்ந்து ஆயுள் வளர இருபது அசைவுகளை அவர் தொகுத்திருக்கிறார். அது தாய்ச்சி அன்று. ஆயினும் சீனருடையது என்றாலே நம்முடையதன்று என எண்ணிய நமக்கு நாணமாக இருந்தது.

லாத்தாவை அழைத்து மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்ன தம்பி, உம்மாவை முற்றத்துக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

இப்போது காலை ஆறு மணிக்கு, அங்கே எட்டரை, லாத்தா கைப்பேசித் திரையில் வருகிறார். கடற்காற்று முற்றம் வரை வரும். உம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. பயிற்சியின் தொடக்கத்தில் குனிந்து செய்யும் வணக்கத்தை விட்டுவிட்டு, பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்குகிறோம். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவதே இதன் உயிர். முழங்கால் பாத விரல்களைத் தாண்டி முன்னே போகக் கூடாது. முழங்காலைத் திருகக் கூடாது. பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருப்போர் மருத்துவரைக் காணாமல் இதில் இறங்க வேண்டா. உம்மாவின் மாத்திரைகளையும் நாம் நிறுத்தவில்லை.

'மேகக் கைகள்' என்று சீனர் அழைக்கும் அசைவுக்கு உம்மா 'கண்ணாடி துடைக்கிறது' என்று பெயர் வைத்துவிட்டார்.

தொழுகையே போதுமான உடற்பயிற்சி, வேறெதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். தொழுகையை உடற்பயிற்சியென்று விற்கும் பேச்சு நமக்கு உவப்பானதன்று. நாம் தொழுவது ரப்புக்காக. ஆனால் மனிதனின் 360 மூட்டுகளுக்கும் அன்றாடம் தர்மம் கடமையாகிறது, ளுஹா இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகும் என்ற ஹதீஸ்களை இப்போது ஓதிக் கொடுக்கும்போது, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரிஹாலின் முன் சம்மணமிட்ட நமது முழங்கால்களும் நினைவுக்கு வருகின்றன. அவையும் எழும்போது சொடுக்குகின்றன.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. உம்மாவின் நெற்றி இன்னும் தரையைத் தொடவில்லை; ஸுஜூது நாற்காலியில்தான். ஆனால் தக்பீர் கட்டும்போது எழுந்து நிற்கிறார். ஃபாத்திஹா முடிந்து ஒரு சிறு சூராவையும் நின்றே ஓதுகிறார். நிற்க இயன்ற அளவுக்கு நிற்பது கடமை என்ற சட்டத்தை அவருக்கு நாம் சொல்ல நேரவில்லை; அவரே முந்திக்கொண்டார்.

இன்று காலை பயிற்சியின் நடுவே நம் காலைப் பார்த்து, "ரொம்ப மடக்காதே வாப்பா, முட்டி விரலைத் தாண்டுது பாரு" என்றார். திரையில் லாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.