அவலாஞ்சியில் மூன்று இரவுகள்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வயதுக்காரர்களிடம் ஒரு விநோதமான சொத்து உண்டு. கண்ணால் பார்த்தே இராத பொருள்களுக்கெல்லாம் பெயர் தெரியும். 'நேஜ்' என்றால் பனி, 'சப்பேன்' என்றால் ஊசியிலை மரம், 'த்ருயித்' என்றால் மலையாற்று மீன். 'திக்தே'யில் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், தட்டில் இருப்பது மத்தியும் சங்கராவும்தான்.

த்ருயித் மீனை, அதாவது ட்ரவுட்டை, நான் உயிரோடு பார்த்தது 1987 ஏப்ரலில். அழைத்துப்போனவர் என் மனைவியின் அண்ணன். இளவயதில் குந்தா மின்திட்டத்தில் வேலை பார்த்தவர். எந்த மண்சாலை எங்கே போய் முடியும் என்று அவருக்கு மனப்பாடம். ஊட்டியில் மீன்வளத் துறையில் தூண்டில் உரிமமும் வனத்துறையில் அனுமதியும் வாங்கிக்கொண்டு, வாடகை ஜீப்பில் எமரால்டு வழியாகப் புறப்பட்டோம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பழைய கூடாரம். அவ்வளவுதான் சாமான்.

அவலாஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் 'அவலான்ஷ்' என்றால் பனிச்சரிவு. நீலகிரியில் உறைபனி உண்டு, பனிச்சரிவு ஏது? மச்சானைக் கேட்டேன். "சரிஞ்சது பனி இல்ல மாப்பிள்ளை, மலை" என்றார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய மண்சரிவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது.

மீனும் அவர்கள் கொண்டுவந்ததுதான். 1860களில் ஃபிரான்சிஸ் டே என்பவர் முயன்றார், கைகூடவில்லை. பிறகு ஹெச்.சி. வில்சன் வெற்றி பெற்றார். 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. ஏரியும் இயற்கையானது அல்ல. கனடாவின் உதவியோடு நடந்த குந்தா திட்டத்துக்காகக் கட்டிய அணைகளில் தேங்கிய நீர்தான் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம். "தண்ணி ஏறினதை நான் பார்த்தேன். தோடருங்க எருமை மேய்ஞ்ச புல்லு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள போச்சு" என்று மச்சான் சொன்னபோது அவர் குரல் தணிந்துவிட்டது.

முதல் நாள் முழுக்க எனக்கு ஒரு மீனும் சிக்கவில்லை. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். கண் பார்த்து இரை பிடிக்கும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், கல்லுக்கடியில் போய்விடும். குனிந்து, பின்னாலிருந்து, இறகு கட்டிய முள்ளை ஈ உட்காருவதுபோல் போட வேண்டும். நம் கடற்கரையில் வலை இழுப்பதையே பார்த்து வளர்ந்தவனுக்கு இது வேறு வித்தை. இரண்டாம் நாள் மாலை ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் ஒன்று மாட்டியது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி. உப்பும் மிளகும் தடவி வறுத்தோம்.

சுள்ளி பொறுக்கித் தீ மூட்டலாமே என்றேன். மச்சான் விடவில்லை. "இந்தப் புல்லு காய்ஞ்சா பெட்ரோல் மாதிரி மாப்பிள்ளை" என்றார். இரவில் கடமான் கத்தும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்த என்னிடம், மடிப்பு மடிப்பாக இருந்த மலைகளை நிலவொளியில் காட்டி அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. பள்ளத்தில் கருப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது சோலை. மேலே வெளுப்பாகத் தெரிவது புல்வெளி. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுவது இந்த இரண்டும்தான். விறகுக்கும் தோல் பதனிடவும் நட்ட சீகையும் கற்பூர மரமும் பைனும் அந்தப் புல்லை விழுங்கிக்கொண்டு வருகின்றன. தண்ணீர் சுமார் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் தாங்காது. புல் போனால் ஓடை போகும், ஓடை போனால் மீனும் போகும்.

சப்பேனையும் த்ருயித்தையும் பள்ளியில் படித்திருந்த எனக்கு, சோலை என்றால் பாட்டில் வரும் பூஞ்சோலைதான். அது ஒரு காட்டின் பெயர் என்று முப்பத்தேழு வயதில்தான் தெரிந்தது.

1990இல் பக்கத்துக் காடு முக்குருத்தி தேசியப் பூங்கா ஆனது. இன்று நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வனத்துறை வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். போன வருடம் என் பேரன், "நீங்க மட்டும் போய்த் தங்கினீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் தாத்தா தடை?" என்று சண்டை போட்டான். நியாயமான கேள்வி. நாங்கள் போனபோது அந்தச் சாலையில் மூன்று நாளில் எங்களைத் தவிர ஒரு வண்டியைத்தான் பார்த்தோம். இன்று விடுமுறை நாளில் ஊட்டிக்கு ஏறும் கார்களில் நூற்றில் ஒன்று அங்கே போய்த் தங்கினாலும் புல்வெளி தாங்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையில் மலை பல இடங்களில் சரிந்தது. அந்த மண்ணில் சக்கரத் தடம் குறைவாக இருப்பதே நல்லது.

மச்சான் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரும் பேரனிடம் இதைத்தான் சொல்லியிருப்பார். அவன் கோபம் இன்னும் தீரவில்லை. வரும் ஏப்ரலில் அவனை வனத்துறை வண்டியில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி அனுமதித்தால், எது சோலை, எது சீகை என்று அவனுக்குக் காட்ட வேண்டும்.