பொறந்த வருஷத்துப் பாட்டு

2006-ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கியது. எங்கள் மாகறல் காலனியில் பல வீடுகளில் அதைப் பார்த்தது, தி.மு.க. ஆட்சியில் கொடுத்த இலவசக் கலர் டிவியில்தான். இந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு சுற்று வைப்பார்கள். பாடுகிறவர் தான் பிறந்த வருஷத்தில் வந்த சினிமாப் பாட்டைப் பாட வேண்டும். 1992 என்றால் 'ரோஜா', ஏ.ஆர். ரகுமான். கொஞ்சம் வயசானவர், 1976 என்றால் 'அன்னக்கிளி', இளையராஜா. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள், பிள்ளை வயிற்றில் இருந்தபோது இந்தப் பாட்டைத்தான் கேட்டோம் என்பார்கள்.

அம்மாவைக் கேட்டேன், "நான் பொறந்தப்ப இன்னா பாட்டும்மா ஓடிச்சி?"

"இன்னா பாட்டு? ரேடியோ ஊர்ல இருந்துச்சி. காத்தடிச்சா சேரிக்குக் கேக்கும். நீ பொறந்தது மார்கழி. ஒண்ணரை மாசத்துல அண்ணா பூட்டாரு. காஞ்சிபுரமே அழுதுச்சி."

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. அப்படிப் பார்த்தால் நான் பிறந்தது 1968 டிசம்பர். ஆனால் சர்ட்டிபிகேட்டில் 1967 ஜூன். தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் வாத்தியார் எழுதிக்கொண்ட தேதி அது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். வந்த பிறகும் சேரிக்கு வரப் பல வருஷம் ஆனது. எங்கள் சனத்தில் அரசு வேலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் ஜூன் மாசத்தில் பிறந்தவர்கள்! காதைத் தொட்ட கணக்கில் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முன்னாலேயே ரிட்டையர் ஆகிறவர்கள்.

சரி, 1968 என்றே வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் 'ஒளிவிளக்கு' வந்தது. 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது, கே.வி. மகாதேவன் இசை, நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். எனக்கு இன்றைக்கும் பிடித்த வாசிப்பு. அதே வருஷம் டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கூலி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடி பிடித்தார்கள், அதுதான் குற்றம். 1973-ல் உயர்நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை செய்தது. என் மாசத்தில் நடந்தது இது. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் தலித் மேடைகளில் தொண்டை கிழியப் பாடிய 'மனுசங்கடா' எந்த டிவிச் சுற்றிலும் வந்து நான் பார்த்ததில்லை. கிராமியச் சுற்று என்று ஒன்று வரும். அன்றைக்கு எல்லோருக்கும் தலைப்பாகை கட்டிவிடுவார்கள்.

எங்கள் ஊருக்கே ஒரு பாட்டு உண்டு. செய்யாற்றங்கரைக் கோயிலில் இருக்கிற மாகறலீசுவரர் மேல் 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தேவாரம். ராஜா பொன் உடும்பைத் துரத்திய கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பதிகத்தின் தொடக்கத்தைச் சொல்லமாட்டார்கள். விளைந்த கழனியில் கடைசியர்கள் பாடி விளையாடுகிற சத்தத்தோடுதான் அது ஆரம்பிக்கிறது. கடைசியர் என்றால் வயலில் உழைக்கிற பெண்கள். என் அம்மா மாதிரி. ஆளுடையபிள்ளை காதில் சத்தம் விழுந்திருக்கிறது, பதிகத்திலும் ஏறிவிட்டது. அவர்கள் என்ன பாடினார்கள் என்பது ஏறவில்லை. அந்தப் பதிகத்தைக் கோயிலுக்குள் நின்று கேட்க எங்களுக்கு 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் வந்த அன்றே உள்ளே போய்விட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அம்மாவின் நடவுப் பாட்டுக்கு வருஷம் கிடையாது. அவளுடைய ஆயா பாடியது, அதற்கு முந்தியவர்கள் பாடியது. ஒப்பாரிக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறாள். பாம்பு கடித்துச் செத்த பெரியப்பாவுக்கு என்ன சொல்லி அழுதாள், பிரசவத்தில் போன அத்தைக்கு எந்த அடி, என் அப்பாவுக்கு எது, எல்லாம் தனித்தனியாக நினைவிருக்கிறது. யார் செத்த வருஷம் என்று கேட்டால் பாட்டைச் சொல்வாள்.

செல்போனில் பதிந்துகொள்கிறேன், பாடும்மா என்றேன்.

"எழவு இல்லாத வூட்ல ஒப்பாரி வெக்கச் சொல்றியே, புத்தி கீதாடா உனக்கு?"

"அப்ப நடவுப் பாட்டு பாடு."

"ஒருத்தி எடுத்துக் குடுத்தா மத்தவங்க வாங்கிப் பாடணும். இப்ப மிசினு நடுது. எங்க செட்டுல நானும் இன்னொருத்தியும்தான் பாக்கி. அவளுக்குக் காது கேக்கல."