பயன்படாத இம்போர்ட்டும் பயன் தெரியாத இம்போர்ட்டும்

திங்கள், இரவு

பெரிய பைத்தான் கோட்பேஸ் எதில் லிண்டரை ஓட்டினாலும் வந்து குவிவது எஃப்401 எச்சரிக்கைதான்: இம்போர்ட் செய்திருக்கிறீர்கள், பயன்படுத்தவில்லை. ரஃப் போன்ற கருவியில் ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்துவிடலாம். அந்த ஒரே கட்டளைதான் எனக்கு உறுத்துகிறது. இந்த ஃபைல் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று அடுத்து வருபவருக்குச் சொல்பவை அதன் தலையில் இருக்கும் இம்போர்ட் வரிகள். வேண்டாத வரி அங்கே நின்றால் படிப்பவர் ஏமாறுகிறார். ஆகவே அழித்தே தீர வேண்டும். ஆனால் அந்தப் பெயர் இந்த ஃபைலில் மறுபடி வரவில்லை என்பது மட்டுமே லிண்டருக்குத் தெரியும். அந்த வரிக்கு வேலையே இல்லையா என்பதை அதனால் சொல்ல முடியாது. பைத்தானில் இம்போர்ட் என்பது வெறும் அறிவிப்பு இல்லை. ஒரு மாட்யூலை முதல்முறை இம்போர்ட் செய்யும்போது அதிலுள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் சிக்னல்ஸ் மாட்யூலை ரெடி மெத்தடுக்குள் இம்போர்ட் செய்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே இருக்கும் ரிசீவர்கள், அதாவது ஒரு நிகழ்வு நடந்ததும் ஓடவேண்டிய ஃபங்ஷன்கள், பதிவாக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த வரியை எடுத்துவிட்டால் எந்தப் பிழையும் வராது. சர்வர் எழும், ஆர்டர் சேமிக்கப்படும், வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய மெயில் மட்டும் போகாது. பேக்கேஜின் இனிட் ஃபைலில் இருக்கும் இம்போர்ட்டை எடுத்தால், அதன் வழியாக வாங்கிக்கொண்டிருந்த ஃபைல்களாவது உடனே அலறும். சிக்னல் விஷயத்தில் அந்த அலறலும் கிடையாது. வேண்டாத இம்போர்ட்டை நீக்கும் ஆட்டோஃபிளேக் கருவி தன் இயல்பு நிலையில் பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி இம்போர்ட்களை மட்டுமே நீக்குவது இதனால்தான். மற்ற மாட்யூல்களுக்குப் பக்கவிளைவு இருக்கலாம் என்று அதைச் செய்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

செவ்வாய்

இவ்வளவு ஆபத்து என்றால் அப்படியே விட்டுவிடலாமே என்பார்கள். ஜாவாவில் அது ஓரளவு செல்லும். பயன்படாத இம்போர்ட் கிளாஸ் ஃபைலுக்குள் போவதே இல்லை. பைத்தானில் செல்லாது. வேண்டாத வரி நிரல் தொடங்கும் நேரத்தைக் கூட்டலாம், சர்க்குலர் இம்போர்ட்டுக்கும் வழிவிடலாம். எங்கோ ஒரு மூலையில் இம்போர்ட் இருப்பதால் ஒரு பழைய பேக்கேஜைத் தூக்கியெறியவும் முடியாமல் போகிறது. சி++ உலகில் இதன் விலை இன்னும் பெரிது. கூகுளில் 2007-இல் பில்ட் செய்த ஒரு பெரிய நிரலைப் பற்றி அங்கே பணியாற்றிய ராப் பைக் 2012-இல் சொன்ன கணக்கு இது: சுமார் 2,000 ஃபைல்கள், மொத்தம் 4.2 மெகாபைட், இன்க்ளூடுகள் விரிந்தபின் கம்பைலருக்குள் போனது 8 ஜிகாபைட்டுக்கும் மேல். அத்தனையும் வேண்டாத இன்க்ளூடு என்று சொல்லமாட்டேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று எளிதில் சொல்லமுடியாத இடத்தில் பாரம் எப்படி ஏறும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு ஆட்சேபம், கிட் பிளேம் வரலாறு கெட்டுவிடும் என்பது. முழுதாக நீக்கிய வரிக்கு பிளேமில் இடமே இல்லை. ஒரே வரியில் பல பெயர் இருந்து ஒன்றை மட்டும் எடுத்தால்தான் வரி மாறும். அதற்கும் 2019-இல் வந்த கிட் 2.23 வழி தந்துவிட்டது: குறிப்பிட்ட கமிட்டை பிளேம் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லலாம். மற்றவர்களின் பிராஞ்சுகளில் கான்ஃபிளிக்ட் வரும் என்ற கவலை மட்டும் நியாயமானது. டைரக்டரி டைரக்டரியாகப் போவதே அதற்கு மருந்து.

புதன்

எனக்குச் சரியாகப் படுவது கோ மொழியின் கண்டிப்பு. பயன்படாத இம்போர்ட் இருந்தால் அங்கே கம்பைலே ஆகாது. பக்கவிளைவுக்காக மட்டும் வேண்டுமென்றால் பெயருக்குப் பதிலாக அடிக்கோடு போட வேண்டும். பிஎன்ஜி டீகோடரை அப்படித்தான் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் பிஎன்ஜி படத்தைத் திறக்கும்போது தெரியாத ஃபார்மட் என்று பிழை வரும். ஆக, எழுதியவரின் நோக்கம் வரியிலேயே தெரிகிறது. பைத்தான் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது. நோக்யூஏ என்ற கமெண்ட்டை மட்டும் போட்டு லிண்டரின் வாயை அடைப்பது போதாது. ரிசீவர்களைப் பதிவு செய்ய என்று பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். காரணம் எழுதமுடியாத வரியைத் தேடிப் பார்த்து, டெஸ்ட் ஓட்டி, தனி கமிட்டாக நீக்குங்கள்.