கக்கநல்லா கேட் 9 மணிக்கு மூடும்!

ஊட்டியிலிருந்து மைசூருக்கு இரண்டு வழி. ஒன்று, பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சாவகாசமாகச் சுற்றி இறங்குவது. இன்னொன்று, கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் மடமடவென்று சரிந்து மசினகுடியில் போய் விழுவது. இரண்டும் தெப்பக்காட்டில் சேர்ந்து, கக்கநல்லா செக்போஸ்ட் தாண்டி, பந்திப்பூர் காட்டுக்குள் நுழைகின்றன. கல்லட்டியில் போனால் சுமார் 30 கிலோமீட்டர் மிச்சம். மிச்சம் பிடிக்கிற ஆசை யாரை விட்டது? கம்ப்யூட்டரையும் விடவில்லை.

எந்த வழியில் வந்தாலும் ஒரு பூட்டு உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, ஆம்புலன்ஸும் ஒரு சில அரசு பஸ்களும் தவிர, வண்டிகள் போகக் கூடாது. யானைகள் நிம்மதியாக ரோட்டைக் கடக்க வேண்டாமா? நியாயமான ஏற்பாடுதான். உங்கள் வண்டியில் மறுநாள் கல்யாணத்துத் தாலி இருந்தால்தான் கொஞ்சம் கஷ்டம்.

எங்களிடம் இருந்தது. மாப்பிள்ளை எங்கள் ஆபீஸ் பையன். பெண் வீடு மைசூர். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. தாலி, கோத்தகிரியில் இருக்கிற மாப்பிள்ளையின் பெரியம்மா வீட்டு பீரோவில். குன்னூரில் ரிடையரான எங்கள் பழைய சூப்பிரண்டையும் ஏற்றிக்கொண்டு, ஊட்டியில் இரண்டு டின் வர்க்கி வாங்கிக்கொண்டு, ராத்திரியே மைசூர் போய்ச் சேர வேண்டும். கேட்டில் மாட்டினால் காலை 6 மணிக்குத்தான் விடுவார்கள். அங்கிருந்து மைசூர் இரண்டு மணி நேரம். மணக்கோலத்தில் மாப்பிள்ளை வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சரி, சத்தியமங்கலம், திம்பம் வழியாகப் போகலாமே என்றால், அங்கும் 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரிக் கட்டுப்பாடு.

பக்கத்து ஸீட் தம்பி, "கவலைப்படாதீங்க ஸார், ஏஜென்ட்கிட்ட விட்டுடலாம்" என்றான். டிராவல் ஏஜென்ட் என்று நினைத்தேன். அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. பட்டன், படம், மௌஸ் எதுவும் கிடையாது. அந்தக் காலத்து டாஸ் பார்த்தவர்களுக்குப் பழகிய முகம். அதில்தான் இரண்டு பேரைச் சந்திக்க வைத்திருந்தான். ஒருவர் ஏ.ஐ. ஏஜென்ட். தமிழில் சொன்னால் புரிந்துகொள்வார், ஆனால் வழி தெரியாது. சும்மா கேட்டால் தூரத்தை வாய்க்கு வந்தபடி சொல்லுவார், அதுவும் ரொம்ப நம்பிக்கையாக! இன்னொருவர் ஓ.எஸ்.ஆர்.எம். என்கிற வழி போடும் ஸாஃப்ட்வேர். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்தவர். வழி அத்தனையும் அத்துப்படி, ஆனால் பேச வராது. எண்ணில் கேட்டால் எண்ணில் பதில். முதலாமவரை இரண்டாமவரிடம் கேட்டுச் சொல்ல வைப்பதுதான் விஷயம்.

தம்பி செய்தது இவ்வளவுதான். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறதே, ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா உட்கார்ந்து வரைந்த உலகப் படம், அதில் தென்னிந்தியாவை மட்டும் இறக்கினான். மூன்று கட்டளைகளில் அதை அரைத்துப் பதப்படுத்தி, லேப்டாப்பிலேயே ஓட விட்டான். பிறகு ஏஜென்ட்டுக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதி வைத்தான்: தூரத்தை நீயாகச் சொல்லாதே, இந்தக் கட்டளையைப் போட்டுக் கேள், வந்த பதிலைப் படி.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஏஜென்ட், 'ஓட்டட்டுமா?' என்று அனுமதி கேட்டது. எங்கள் செக்‌ஷனில் யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

முதல் பதிலே விபரீதம். குன்னூருக்கு வந்த தூரம் எதிலும் சேரவில்லை. நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். இந்த ஸாஃப்ட்வேருக்கு தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். மாற்றிச் சொன்னால் குன்னூர், நார்வேக்கு வடக்கே பனிக்கடலில் போய் விழுகிறது! ஏஜென்ட் தானே சந்தேகப்பட்டு, எண்களைத் திருப்பிப் போட்டு மறுபடி கேட்டது. இந்த இடத்தில்தான் எனக்கு அதன் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

அடுத்த பதில் ஜோராக வந்தது: கோவை, மேட்டுப்பாளையம், கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கல்லட்டி, மைசூர். இருக்கிற வரிசைகளிலேயே குறைந்த நேரம். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடை வாசலில் டைக்ஸ்ட்ரா என்கிற டச்சுக்காரர், பேப்பர் பேனா இல்லாமல், இருபதே நிமிஷத்தில் மனசுக்குள் போட்ட குறுக்குவழிக் கணக்குதான் இதற்கெல்லாம் மூலம். ஆனால் ஹாலந்தில் மலை கிடையாது!

எங்கள் டிரைவர் கோயமுத்தூர்க்காரர். திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் ஸார், இது சீசனுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோட்டுல ஏற விடமாட்டாங்க. ஏர்றது பர்லியார், குன்னூர். எறங்கறதுதான் கோத்தகிரி. அப்புறம்... கல்லட்டி எறங்கறதுங்களா? நான் வரலீங்க."

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் கல்லட்டியில் உருண்டு, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் பள்ளத்தில் கிடந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வெளியூர் வண்டிகள் அங்கே இறங்கப் போலீஸ் கட்டுப்பாடு வைத்தது. ஸாஃப்ட்வேருக்குக் கல்லட்டி ஒரு ரோடு, இவ்வளவு நீளம், இந்த வகை, அவ்வளவுதான். சரிவு எத்தனை, பிரேக் எப்போது காய்ந்து போகும் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

டிரைவர் சொன்னதை அப்படியே தம்பி தமிழில் அடித்தான். ஏஜென்ட் வாதம் பண்ணவில்லை. குன்னூரை முன்னால் போட்டது. கூடலூரை இடைப்புள்ளியாக நுழைத்துக் கல்லட்டியை ஒதுக்கியது. நேரமெல்லாம் சமவெளிக் கணக்கு என்று டிரைவர் முனக, மலை ரோட்டில் ஒன்றரை மடங்கு, முதுமலைக்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று சேர்த்துக்கொண்டது. பிறகு 9 மணியிலிருந்து பின்னோக்கிக் கழித்து ஒரே வரி சொன்னது: 'ஊட்டியை விட்டு 6 மணிக்குள் கிளம்ப வேண்டும்.'

சீசனில் மலையேற இ-பாஸ் வேண்டும், 2024 மே-யில் வந்த ஏற்பாடு. அதையும் எடுத்துக்கொண்டு காலை 10 மணிக்குக் கிளம்பினோம். பர்லியாரில் மங்குஸ்தான் வாங்கியதும், குன்னூரில் சூப்பிரண்டு மப்ளருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து "லேட்டு" என்றதும் ஒழுங்காகவே நடந்தன. கோத்தகிரியில் பெரியம்மா சாப்பிடாமல் விடவில்லை. கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம், இரண்டாவது தடவை ரசம். எந்த ஸாஃப்ட்வேரிலும் இதற்கு இடம் கிடையாது. ஊட்டியை விடும்போது மணி 6.05.

பைக்காராவுக்கு அப்பால் பஞ்சு மாதிரி மூட்டம். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். நடுவட்டத்தில் மணி 7.15. பெரியம்மா மடியில் இருந்த சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை.

"உன் ஏஜென்ட்டைக் கேளப்பா!"

"சிக்னல் இல்ல ஸார்."

ஏஜென்ட் இருப்பது இன்டர்நெட்டுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ வெளிநாட்டில். ஆனால் ஓ.எஸ்.ஆர்.எம். இருப்பது தம்பியின் மடியில். அவன் கறுப்புத் திரையில் மேல்நோக்கும் அம்புக்குறியைத் தட்டினான். மத்தியானம் ஏஜென்ட் போட்ட கட்டளை அப்படியே வந்து நின்றது. புறப்படும் இடத்து எண்களை மட்டும் செல்போன் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து மாற்றினான். அதற்கு சிக்னல் தேவையில்லையாம். என்டர்.

"கக்கநல்லாவுக்கு இன்னும் நாப்பத்து சொச்சம் கிலோமீட்டர் ஸார். அண்ணன் கணக்குல பார்த்தா ஒன்றரை மணி. எட்டே முக்கால்."

"அப்ப டீ கெடையாதுங்க" என்று டிரைவர் ஸெகண்ட் கியர் போட்டார்.

கூடலூர் கடைத்தெரு. தொரப்பள்ளி. அப்புறம் காடு. ஜன்னலை ஏற்றிவிட்டோம். ஹெட்லைட் வெளிச்சத்தில் மான் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. அவசரம் எங்களுக்குத்தான். தெப்பக்காடு யானை முகாமைத் தாண்டும்போது, ஆஸ்கர் வாங்கிய படத்தின் யானைக் குட்டிகள் இங்கேதானே என்று சூப்பிரண்டு ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. 30-ஐத் தாண்டலாமா என்று கேட்கத் தம்பி வாயைத் திறந்தான். டிரைவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

கக்கநல்லா. மணி 8.41. வனத்துறைக்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வர்க்கி டின்னைத் தட்டிப் பார்த்தார். போகச் சொன்னார்.

குண்டலுப்பேட்டையில் சிக்னல் வந்ததும் ஏஜென்ட் விழித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. பெரியம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"பாவம், அதுக்கும் ரெண்டு வர்க்கி குடுப்பா."