கோப்பு வந்ததும் அணையும் கைக்கணினி

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் டேப்லெட் எனப்படும் கைக்கணினி பொழுதுபோக்குக் கருவி என்ற நிலையைக் கடந்து தொழிற்கருவியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அதில் மாணவரின் மதிப்பீட்டைப் பதிகிறார். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய அச்சு வடிவத்தை அதில் விரித்துக் காட்டுகிறார். கணபதி, பீளமேடு வட்டாரத்துப் பம்பு, வார்ப்படப் பட்டறைகளுக்கு வரைபடங்கள் அதன் வழியாகவும் வந்து சேர்கின்றன. இத்தகைய கருவி, ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போதோ பதிவிறக்கி முடித்த மறுநொடியிலோ, யாரும் கேட்காமலே திரை இருண்டு தானாக மீண்டும் தொடங்குமானால், பழி பெரும்பாலும் இருவர்மீது விழுகிறது: ஒன்று, "ஒத்துவராத கோப்பு", மற்றொன்று, அதை இறக்கிய மனிதர். இரண்டு பழிகளும் ஆராயாமல் சுமத்தப்படுபவை. ஒரு கருவிக்குப் புரியாத கோப்பு வந்தால், அது திறக்கவில்லை என்று சொல்லி ஒதுங்குவதே அக்கருவியின் கடமை. அதை விட்டுக் கருவி முழுவதுமே விழுந்து எழுகிறது என்றால், குறை கருவிக்குள் ஏதோ ஓர் அடுக்கில் இருக்கிறது என்பதே பொருள்.

ஒவ்வாமை என்பது தன்னளவில் தீங்கற்றது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசை. அவ்வரிசையை எந்த விதிப்படி படிப்பது என்ற உடன்பாடே கோப்பு வடிவம் எனப்படுகிறது. படிப்பவருக்கு அவ்விதி தெரியாவிட்டால் பொருள் கிட்டாது, அவ்வளவே. தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டு முறையைக் கொண்டிருந்ததால், ஓர் அச்சகத்தில் தட்டச்சான கட்டுரை அடுத்த அச்சகத்துக் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. அந்தக் குழப்பத்துக்கு அரசளவில் முடிவு கட்டும் முயற்சி கோவையோடு பிணைந்தது: 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் தமிழுக்கான பதினாறு பிட் அனைத்து எழுத்துக் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக ஏற்றது. பழைய குறியீட்டில் அமைந்த கோப்பை இன்றைய கைக்கணினியில் இறக்கினால் எழுத்து சிதைந்து தெரியும், கருவி அணையாது. பட்டறைக்கு வரும் கணினி வரைபடக் கோப்பும் அவ்வாறே, அதற்குரிய செயலி இல்லையெனில் திறக்க மறுக்கும், அத்துடன் சரி.

அப்படியானால் சில கோப்புகள் மட்டும் கருவியையே வீழ்த்துவது எப்படி? விடை, பயனர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையில் இருக்கிறது. பதிவிறக்கம் முடிந்ததும் கோப்பு திறக்கப்படாமல் கிடக்கிறது என்று பயனர் எண்ணுகிறார். உண்மையில் ஆண்ட்ராய்டு போன்ற இயக்குதளங்களில், ஊடக வருடி எனத்தக்க ஒரு பின்னணி நிரல், புதிதாக வந்த படம், பாடல், காணொளி ஒவ்வொன்றையும் உடனே திறந்து, அதன் நீளம், அளவு, தேதி முதலிய விவரங்களைப் படித்துப் பட்டியலிடுகிறது. படத்தொகுப்புச் செயலி அதன் சிறுபடத்தை உருவாக்குகிறது. விரல் படுவதற்கு முன்பே கோப்பு படிக்கப்பட்டுவிடுகிறது. திருப்பூரில் அடிக்கடி கைமாறும் பெரிய அச்சு வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு புலப்படும். பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் என்ற அளவில் அமைந்த படத்தில் 10 கோடிப் படப்புள்ளிகள் உள்ளன. சுருக்கப்பட்ட நிலையில் அக்கோப்பு சில எம்பி அளவே இருக்கலாம், ஆனால் திரையில் காட்டுவதற்காக முழுமையாக விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 40 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 400 எம்பி தற்காலிக நினைவகம் வேண்டும். நினைவகமே 2 ஜிபி உள்ள, அதிலும் பெரும்பகுதியை இயக்குதளம் எடுத்துக்கொண்ட மலிவான கைக்கணினிக்கு இது பெருஞ்சுமை. நன்றாக எழுதப்பட்ட செயலி படத்தை ஆரம்பத்திலேயே சிறிதாக்கிப் படிக்கும். அவ்வாறு எழுதப்படாத செயலி முழுவதையும் விரிக்க முயன்று இடம் போதாமல் சாகும். சாவது செயலி மட்டுமானால் இழப்பு சிறிது. நினைவக நெருக்கடியில் இயக்குதளத்தின் மையப் பணிகளே முடங்கும்போதுதான் கருவி மீண்டும் தொடங்குகிறது.

அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மான்டனா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவின் ஏரியைக் காட்டும் அழகிய நிழற்படம் ஒன்று, அதைத் திரைப்பின்னணியாக வைத்த ஆண்ட்ராய்டு 10 பேசிகள் பலவற்றை ஓயாமல் அணைந்து எழச் செய்தது. படத்தில் தீம்பொருள் எதுவும் இல்லை. வழக்கமான வண்ண வரையறையைவிட அகன்ற வரையறையில் அது சேமிக்கப்பட்டிருந்தது. ஒளிர்வைக் கணக்கிடும் நிரல், விடை 0 முதல் 255க்குள் தான் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு புள்ளியில் விடை 255ஐத் தாண்டியதும், திரை முகப்பை நடத்தும் நிரல் நிலைகுலைந்தது. பின்னணிப் படம் ஒவ்வொரு தொடக்கத்திலும் மீண்டும் படிக்கப்படுவதால், எழுந்த கருவி உடனே மறுபடியும் விழுந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 2018 பிப்ரவரியில், தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து ஐபோன்களின் செயலிகளை முடக்கியதும் இதே வகைதான். ஆப்பிள் நிறுவனம் 11.2.6 என்ற பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் எழுதும் மொழியின் முறையான எழுத்து ஒன்றைக் கருவி தாங்கவில்லை என்னும்போது, குற்றம் எழுத்தினுடையதாக இருக்க இயலாது. 2015இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் பிழைகள் இன்னும் கடுமையானவை. ஆண்ட்ராய்டின் ஊடக நூலகம் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்ட அளவுகளைச் சரிபாராமல் நம்பியதால், திரித்து அமைக்கப்பட்ட காணொளிக் கோப்பு ஒன்றின் மூலம் அயலார் கருவிக்குள் நுழையவும் வழி இருந்தது. கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.

மீண்டும் தொடங்குவது நோயன்று, காப்பு நடவடிக்கை என்பதைக் கொங்கு நாட்டு வேளாண்குடிகளுக்கு விளக்கத் தேவையில்லை. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் டிரிப் ஆனால், அது மோட்டார் எரியாமல் காத்தது என்பதை அவர்கள் அறிவார்கள். ஒரு ஃபேஸ் விடுபட்டதா, மின்னழுத்தம் குறைந்ததா, பம்பு இறுகியதா என்று தேடுவார்களே தவிர, வெறுமனே பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கமாட்டார்கள். ஆண்ட்ராய்டிலும் வாட்ச்டாக் எனப்படும் கண்காணிப்பு நிரல் உண்டு. இயக்குதளத்தின் மையப் பணி ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை பதில் தராமல் உறைந்து நின்றால், அது அப்பணியைக் கொன்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கச் செய்கிறது. எனவே ஆராய வேண்டியது, தொடங்கச் சொன்னது யார் என்பதே.

இதற்கு முதற்சான்று திரையிலேயே கிடைக்கிறது. பொதுவாக, நிறுவனத்தின் பெயர்ச் சின்னம் தோன்றாமல், அடுத்து வரும் அசைபடம் மட்டும் ஓடி முகப்பு திரும்பினால், விழுந்தது மென்பொருளின் மேலடுக்கு. இதனை மென்மறுதொடக்கம் எனலாம். திரை முற்றிலும் இருண்டு, பெயர்ச் சின்னத்திலிருந்து எல்லாம் தொடங்கினால், விழுந்தது இயக்குதளத்தின் அடித்தளமான கருநிரலாகவோ மின்வழங்கலாகவோ இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னாலே பழுது பார்ப்பவரின் வேலை பாதியாகக் குறையும்.

மின்வழங்கலைப் பற்றி விரித்துச் சொல்வது அவசியம், ஏனெனில் கோப்பின்மீது சுமத்தப்படும் பழி பல நேரங்களில் பேட்டரிக்கு உரியது. லித்தியம் பேட்டரி முழுமையாக மின்னேற்றிய நிலையில் ஏறத்தாழ 4.2 வோல்ட் தரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உள்மின்தடை உயர்கிறது. உயர்ந்த பின், கருவி ஒரே நொடியில் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, சுற்று அணைகிறது. பதிவிறக்கம் அத்தகைய நொடிகள் நிறைந்த வேலை: வானொலிப் பகுதி, நுண்செயலி, சேமிப்பகம், ஒளிரும் திரை ஆகிய நான்கும் ஒருங்கே இழுக்கின்றன. வால்பாறையின் தேயிலைத் தோட்டப் பள்ளிகளிலும் பர்கூர், தாளவாடி மலைப்பகுதிகளிலும் அலைக்கோபுரம் தொலைவில் இருப்பதால், சிம் அட்டையுள்ள கைக்கணினி தன் அலைபரப்பும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகிறது. காந்திபுரத்தில் ஒழுங்காக இறங்கிய அதே கோப்பு மலையில் கருவியை அணைப்பதற்கு இது போதும். சித்திரை, வைகாசி வெயிலில் கரூர், ஈரோடு பகுதிகளில் சூடேறிய கருவிக்கும் அணையும் இடர் உண்டு. பழைய பேட்டரி கொண்ட ஐபோன்கள் எதிர்பாராமல் அணைவதைத் தடுக்கவே அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னதை நோக்க, விலையுயர்ந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல என்பது தெரியும்.

ஆகவே சோதனையின் முதற்படி, அதே கோப்பை, நிறைந்த பேட்டரியோடும் தரமான சார்ஜரோடும், வலுவான வைஃபையில் இறக்கிப் பார்ப்பதாகும். அப்போது அணையாவிட்டால் கோப்பு நிரபராதி. பேட்டரியை மாற்றுவதே தீர்வு. அப்போதும் அணைந்தால், எந்தக் கட்டத்தில் என்று பார்க்க வேண்டும். இறங்கும் நடுவில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அணைவது சேமிப்பகத்தையோ மின்சாரத்தையோ காட்டுகிறது. இறங்கி முடிந்த சில நொடிகளில், தவறாமல், ஒரே கோப்புக்கு மட்டும் அணைவது ஊடக வருடியைக் காட்டுகிறது. சேமிப்பகம் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருந்தால் முதலில் இடம் விடுவிப்பதும், மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதும் நலம். போலிக் கொள்ளளவு அச்சிட்ட அட்டைகள், உண்மையான இடம் தீர்ந்ததும் பழைய தரவின் மேலேயே எழுதி, படிக்கும் பணியை உறையச் செய்கின்றன. அடுத்து, தயாரிப்பாளர் தந்த செயலிகள் மட்டும் இயங்கும் பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில், கருவியைத் தொடங்கி அதே கோப்பை இறக்கலாம். அம்முறையில் கருவி நிலைத்து நின்றால், பின்னால் நிறுவிய ஏதோ ஒரு செயலி குற்றவாளி. ஊடக வருடி மீதே ஐயம் என்றால், ஒரு கோப்புறையை உருவாக்கி, புள்ளியில் தொடங்கும் நோமீடியா என்ற பெயருள்ள வெற்றுக் கோப்பை அதனுள் இட்டு, ஐயத்துக்குரிய கோப்புகளை அங்கே இறக்கச் செய்யலாம். வருடி அக்கோப்புறையை விட்டுவிடும். வேறொரு கணினியில் அக்கோப்பை எங்கும் ஏற்கப்படும் எளிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்வது எல்லாவற்றினும் எளிது.

பதிவிறக்குவதும் நிறுவுவதும் வேறு வேறு என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் அழைப்பிதழும் அல்ல, அபராதச் சீட்டும் அல்ல. அவை நிறுவத்தக்க செயலிகள். அவற்றை நிறுவிய பின் கருவி தடுமாறினால், அது ஒவ்வாமைச் சிக்கல் அன்று. இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டிய நிலை.

இச்சிக்கல் மலிவான கருவிகளில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்ட மாணவருக்கான மலிவு விலை ஆகாஷ் கைக்கணினியில் 256 எம்பி நினைவகமும் 366 மெகாஹெர்ட்ஸ் நுண்செயலியுமே இருந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ் 2 நினைவகத்தை 512 எம்பியாக உயர்த்தியது. ஏழை மாணவரின் கையில் கணினி என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் பாடக் காணொளியைத் தாங்காத வன்பொருள் அந்நோக்கத்துக்குத் துணைநிற்கவில்லை. இன்றைய மலிவுக் கருவிகளின் வன்பொருள் அதைவிடப் பலமடங்கு மேலானது. பின்தங்கியிருப்பது மென்பொருள் திருத்தம். விற்ற ஓராண்டு ஈராண்டிலேயே திருத்தங்களை நிறுத்திவிடும் தயாரிப்பாளர், உலகம் முழுவதும் சரிசெய்யப்பட்டுவிட்ட பிழையை வாங்கியவரின் கையில் நிரந்தரமாக விட்டுச் செல்கிறார். பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் மொத்தமாகக் கைக்கணினி வாங்குவோர் நினைவக அளவைக் கேட்பதைப் போலவே, எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக, ஃபேக்டரி ரீசெட் எனப்படும் முழு அழிப்பு. ஆண்ட்ராய்டு 8 முதல், ஓயாமல் விழும் கருவி தன்னைத் தானே மீட்க முயன்று, முடியாதபோது தரவை அழிக்கலாமா என்று கேட்கும் திரையில் வந்து நிற்கிறது. சர்வீஸ் கடைகளிலும் விரைவான வைத்தியமாக இதுவே முன்வைக்கப்படுகிறது. குற்றவாளி பேட்டரியாக இருந்தால் இந்த அழிப்பால் எதுவும் மாறாது; ஆசிரியரின் குறிப்புகளும் குழந்தைகளின் படங்களும் மட்டும் போய்விடும். கருவியைக் கடையில் கொடுக்கும் முன், அணைந்தபோது இறங்கிக்கொண்டிருந்த கோப்பின் பெயர், அதன் அளவு, பேட்டரி விழுக்காடு, திரையில் முதலில் தோன்றியது பெயர்ச் சின்னமா அசைபடமா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தரவைப் படியெடுக்காமல் அழிக்கக் கூடாது என்று அதன் கீழேயே எழுதுங்கள்.